காலண்டருக்குப் பரஸ்தானம்

எங்கள் பஞ்சவடி நகர் குடியிருப்போர் நலச் சங்கம் தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டர் வாங்கியது. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருக்களில் அப்போது தார் கிடையாது, சாக்கடை கிடையாது. மழை பெய்தால் பால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தெருவிளக்கு எப்போது வரும் என்று நான் கேட்டதற்குச் செயலாளர் தோத்தாத்ரி, "டீச்சர், நாம இருபத்தோராம் நூற்றாண்டுக்குத் தயாராகணும்" என்றார். அந்த நூற்றாண்டு எங்கள் தெருவுக்குள் வரும்போது இருட்டில் தடுக்கி விழாமல் வந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திரிபுரசுந்தரி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சங்கத்தில் இணைச் செயலாளர். நிர்வாகக் குழுவில் ஒரு பெண்மணி இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ரேஷன் கடை வரிசையில் நான் போட்ட சண்டைகளைத் தகுதியாக வைத்து என்னைப் பிடித்துப் போட்டார்கள். கூட்டத்துக்கு மிக்சர் வாங்கி வருவது என் வேலை. வாங்கி வந்ததற்கு நன்றி தெரிவிப்பது அவர்கள் வேலை. மே மாத லீவில் குரோம்பேட்டையில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் மிக்சரைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேன்.

தோத்தாத்ரி மத்திய அரசு ஆபீஸ் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்று அவரே சொல்வார். ராகு காலம், எமகண்டம், குளிகை, கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாம் அவருக்கு விரல் நுனியில். பணியில் இருந்த காலத்தில் இத்தனையும் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்த நேரத்தில் அரசாங்கத்துக்கு வேலை செய்தார். மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கு டீச்சரிடம் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. வாங்கி வந்து இறக்கிய பிறகுதான் ஆடியில் எப்படித் திறப்பு விழா நடத்துவது என்று தோத்தாத்ரிக்கு உறைத்தது. ஆவணி வரை காத்திருந்தால் வாரண்டியில் ஒரு மாதம் வீணாகப் போய்விடும். தள்ளுபடிக்கு ஆடி வேண்டும், பூஜைக்கு ஆவணி வேண்டும். மனிதர் தவித்துப் போனார். பெட்டியைப் பிரித்துப் பொருத்திக்கொண்டிருந்த சுந்தர்சிங்தான் வழி காட்டினான். முடிச்சூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன் அவன்.

"டேட்டெல்லாம் நம்ம இஷ்டம் சார். தோ, இங்க ரெண்டு அமுக்கு அமுக்கினா எந்த மாசத்துக்கு வேணா பூடலாம்."

அவ்வளவு காலம் பஞ்சாங்கத்துக்குப் பயந்து வாழ்ந்த மனிதர் கையில் பஞ்சாங்கத்தைத் திருத்தும் பேனாவைக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அன்றே சங்க அறைக்குள் ஆவணி பிறந்தது. கற்பூரம் கொளுத்தினார்கள். திரையில் சந்தனம், மவுஸுக்குக் குங்குமம், நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம். வெளியே மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி ஆடிப் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. அறையைப் பெருக்க வந்திருந்த சரசு ஆவணி என்ற பேச்சைக் கேட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ஆடி முடிஞ்சிபோச்சா? எங்க கோயில்ல இன்னும் கூழே ஊத்தல."

"உள்ள முடிஞ்சுடுச்சு சரசு. வெளிய இன்னும் இருக்கு" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சங்கத் தலைவர் சாம்பசிவன் அன்று ஒரு பித்தளைப் பிள்ளையாரைக் கொடுத்தார். தோத்தாத்ரி வைணவர். பிள்ளையார் கோயில் வாசலில் நடையை எட்டிப் போடுகிறவர். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் பிள்ளையாரை வேண்டாம் என்று சொல்லத் துணிவு வருமா? "தும்பிக்கையாழ்வார்" என்று சொல்லிச் சமாதானம் பண்ணிக்கொண்டு, தான் தொடாமல் சாம்பசிவனையே மானிட்டர் மேல் உட்கார்த்தி வைக்கச் சொன்னார்.

சாம்பசிவன் கொடுத்தது அது மட்டுமல்ல. அமெரிக்காவில் இருக்கும் அவர் பையன் பிளாப்பியில் ஒரு காலண்டர் புரோகிராம் அனுப்பியிருந்தான். எந்தத் தேதியில் என்ன விசேஷம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். நேரம் வந்தால் மணியடித்து ஒரு சின்னக் கட்டம் காட்டும். நாம் பார்த்துவிட்டோம் என்று அதில் ஓகே அமுக்க வேண்டும். சங்கத்து ஹாலை யார் யார் எந்தெந்த நாளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்பதை இனி அதில்தான் பதிவது என்று தீர்மானம் போட்டார்கள். பழைய ரிஜிஸ்டரை அன்றே பேப்பர்காரனிடம் போட்டாயிற்று. தோத்தாத்ரி முதலில் பதிந்தது ஹாலை அல்ல. ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் 'தினமும்' என்று டிக் அடித்துப் பதிந்தார். அன்று முதல் கம்ப்யூட்டர் நாள் தவறாமல் மூன்று வேளை மணியடித்தது.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் காங்கிரீட் போட்ட அன்று சித்தாளாக வந்து சட்டி சுமந்தவள் சரசு. பக்கத்து அகரம்தென் ஊர்க்காரி. கட்டி முடித்த பிறகு அதைப் பெருக்கும் வேலைக்கும் அவளையே வைத்துக்கொண்டார்கள். அவள் மகள் கன்னியம்மாவுக்கு ஊரப்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நகை, வண்டி என்று மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டாம், ஃபேன் சுற்றுகிற ஹாலில் கல்யாணம் நடக்கட்டும் என்று மட்டும் கேட்டார்கள். சரசு ஆவணிக் கடைசியில் சங்கக் கூட்டத்தில் வந்து நின்று, கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்துக்கு ஹால் கேட்டாள். தோத்தாத்ரி அப்போது நல்ல மனநிலையில் இருந்தார். "உனக்கில்லாத ஹாலா!" என்று அத்தனை பேர் முன்னிலையில் சொல்லி, எங்கள் கண் எதிரே ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதிந்தார். நாங்கள் கைதட்டினோம். நான் வாங்கி வந்த மிக்சரில் சரசுவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம். சமத்துவம் அந்த அளவுக்கு வந்துவிட்டது.

புரட்டாசியில் காலண்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

திறந்தால் மேலே நீலப் பட்டை வரும். நடுவில் ஒரு மணற்கடிகாரம் வரும். அவ்வளவுதான். மவுஸை ஆட்டினால் மணற்கடிகாரமும் ஆடும். கூப்பிட்டால் வராது, அமுக்கினால் போகாது. தோத்தாத்ரி சற்று நேரம் பார்ப்பார், பொறுமை இழந்து சுவிட்சை அணைப்பார். அவர் பொறுத்திருந்தாலும் அதற்குள் ராகு காலமோ எமகண்டமோ வந்துவிடும். அந்த நேரங்களில் கம்ப்யூட்டர் ஓடக் கூடாது என்பது சங்கத்தின் எழுதாத சட்டம். அவர் விட்டாலும் மின்வாரியம் விடாது.

காலனியில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர் பின்பக்கத்தைக் கழற்றி வாயால் ஊதினார். தூசு அவர் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். வாஸ்து படித்தவர் ஒருவர், கம்ப்யூட்டர் தெற்கே பார்த்து உட்கார்ந்திருப்பது எமனுக்கு அழைப்பு என்றார். கிழக்கே திருப்பினார்கள். வயர் எட்டவில்லை. அதற்காகச் சுவரை உடைத்துப் பிளக் பாயிண்டை மாற்றினார்கள். இன்னொருவர் செருப்போடு உள்ளே வருகிறவர்களைச் சந்தேகித்தார். அதன் பிறகு எல்லாரும் காலைக் கழுவிவிட்டு வந்தோம். புரோகிராமில்தான் கோளாறோ என்று நான் ஒருமுறை வாயெடுத்தேன். சாம்பசிவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "டீச்சர், அது அமெரிக்கா புரோகிராம்" என்றார். அமெரிக்காவில் ராகு காலம் கிடையாது என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன்.

தோத்தாத்ரியும் தன் பங்குக்கு வைத்தியம் செய்தார். ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்னும் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, நைவேத்திய நேரத்துக் கோயில் மாதிரி அறைக்குத் திரை போட்டுவிடுவார். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு திரையை விலக்கி, "இப்ப திறக்கும் பாருங்கோ" என்பார். மணற்கடிகாரம் வரும்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. சாம்பசிவன் பையனுக்கு டிசம்பரில் லீவு. வந்த கையோடு நிச்சயதார்த்தம் முடித்துவிட வேண்டும். அவன் இறங்கும் நாளுக்கும் மார்கழி பிறப்பதற்கும் நடுவில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் இருந்தது. அது கன்னியம்மாவின் முகூர்த்தம். தாம்பரத்துக் கல்யாண மண்டபங்கள் எல்லாம் அந்த நாளுக்கு எப்போதோ நிரம்பிவிட்டன.

அன்றிலிருந்து தோத்தாத்ரிக்குக் காலண்டர் திறக்காதது பற்றி இருந்த கவலை குறைந்துவிட்டதை நான் கவனித்தேன். சரசு அழைப்பிதழோடு வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

"சார், பத்திரிக அடிச்சாச்சி. சம்பந்தி வூட்டுக்கு குடுத்தாச்சி. ஹாலு பேரு போட்டு கீது. இப்ப தலைவரு வூட்லயும் அதே நாள கேக்குறாங்கோன்னு சொல்லிகிறாங்க. இன்னா சார் மேட்டரு?"

"நான் இல்லேன்னு சொல்லலியேம்மா" என்றார் தோத்தாத்ரி. "கம்ப்யூட்டர் திறக்கட்டும். அதுல உன் பேர் இருந்தா உனக்கு."

"நீங்கதானே சார் அத்தினி பேரு எதுக்க சொன்னீங்க?"

"அது வாய் வார்த்தை. இப்ப எல்லாம் கம்ப்யூட்டரைஸ் பண்ணியாச்சு."

"நான் சாட்சி இருக்கேன் சார். நீங்க பதிஞ்சதை என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"இருங்கோ டீச்சர். கண்ணால பாத்தது, காதால கேட்டதெல்லாம் பழைய காலம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரசு அழைப்பிதழை மேஜை மேல் வைத்தாள். மஞ்சள் தடவிய மூலை மேலே தெரிந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஹாலைப் பெருக்கப் போய்விட்டாள். பெருக்குகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. ஹால் போய்விட்டால் அவள் ஊரப்பாக்கத்துக்குப் போய் என்ன சொல்வாள்? கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றா? மாப்பிள்ளையின் அம்மா அதை எந்தக் காதால் கேட்பாள்?

அந்த வாரமே இன்னொன்று காதில் விழுந்தது. சனிக்கிழமை காலையில் சுந்தர்சிங் வந்து கம்ப்யூட்டரை 'ஃபார்மேட்' பண்ணப் போகிறானாம். அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. காலண்டர் நன்றாகத் திறக்கும். உள்ளே யார் பேரும் இருக்காது. முதலில் பதிகிறவருக்கு ஹால். தோத்தாத்ரி எங்கே படித்தாரோ, இதைத் தீர்வு என்றார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். சரசுவையும் வரச் சொல்லியிருந்தேன். அவள் அறை வாசற்படியில் குந்தினாள். சுந்தர்சிங் பையும் பிளாப்பியுமாக வந்தான்.

"வைரஸ்தான் சார். ஃபார்மேட் போட்டா பிரச்சனையே இல்ல."

"சுந்தர்சிங், அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காலண்டர் ஃபைலை ஒருதரம் காட்டுங்க" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? நல்ல நேரம் முடியப் போறது. ஒன்பதுக்கு ராகு காலம்" என்றார் தோத்தாத்ரி.

"அழிக்கிறதுக்கு எதுக்கு சார் நல்ல நேரம்?"

சுந்தர்சிங் ஃபைல்களின் பட்டியலைத் திறந்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக ஒழுங்காக மூடிச் சேமித்த தேதி இருந்தது. காலண்டர் ஃபைல் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னா மேடம் இது? எண்பது ஜனவரின்னு கீது. இந்த மிசினு அப்ப பொறக்கவே இல்லியே."

நான் தோத்தாத்ரியைப் பார்த்தேன். அவர் பிள்ளையாரைப் பார்த்தார்.

"சார், திரைக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது போல நிமிர்ந்தார். "பரஸ்தானம்" என்றார்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம் ராகு காலமாக இருந்தால், அதற்கு முன்பே நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டது, ஆகவே நாமும் கிளம்பிவிட்டோம் என்று கணக்கு. அப்புறம் எப்போது பஸ் ஏறினாலும் தோஷமில்லை. அதற்குப் பெயர் பரஸ்தானம். தோத்தாத்ரி அதைக் காலண்டருக்குச் செய்திருக்கிறார். திரையைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒரு நல்ல நேரத்துக்குத் திருப்பி, புரோகிராமை ஒருமுறை திறந்து மூடுவார். பிறகு கடிகாரத்தை இன்றைய தேதிக்குக் கொண்டுவந்து, எங்கள் முன்னால் மறுபடி திறப்பார். நல்ல நேரத்தில் திறந்தாகிவிட்டது, இனி யாருக்கும் பயமில்லை.

"எண்பது எதுக்கு சார்?" என்றேன்.

"புரட்டாசியில ஒரு நாள் எந்தப் பக்கம் பாத்தாலும் நல்ல நேரமே அமையலை. அஷ்டமி, கரிநாள் எல்லாம் சேர்ந்துடுத்து. யோசிச்சேன். என் கிரகப்பிரவேச முகூர்த்தம் ஞாபகம் வந்தது. எண்பது தை. அது மாதிரி ஒரு முகூர்த்தம் இனிமே வராதுன்னு ஜோசியரே சொன்னார். அந்த ஆத்துல இதுநாள் வரைக்கும் ஒரு குறை கிடையாது. அதனால அதுக்கே கொண்டு போனேன்."

"அன்னிக்குத்தான் முதல் தடவை மக்கர் பண்ணிச்சா?"

"ஆமா. சரியாகட்டும்னுதான் அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே முகூர்த்தத்துலயே திறக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்ததா ஆத்திரம் வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்திருக்க வேண்டும். காலண்டருக்கு எந்த நோயும் இல்லை. எண்பதாம் வருஷத்தில் கண்ணை மூடி, தொண்ணூற்றாறில் கண்ணைத் திறந்திருக்கிறது. நடுவில் போன பதினாறு வருஷத்து ராகு காலத்தையும் எமகண்டத்தையும் குளிகையையும் உரிய நேரத்தில் சொல்லத் தவறிவிட்டோமே என்று பதறி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தேடிக்கொண்டிருந்தது. தேடி முடிப்பதற்குள் இவர் அணைத்துவிடுவார். அணைத்துவிட்டு மறுபடி எண்பதுக்குக் கொண்டுபோவார். அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இவர் வேலை பார்த்த ஆபீஸே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அங்கே இவரை ஓய்வு பெற வைத்துவிட்டார்கள்.

"சுந்தர்சிங், ஃபார்மேட் வேண்டாம். காலண்டரைத் திறந்துட்டு அப்படியே விடுங்க. அணைக்காதீங்க."

"ராகு காலம் வரது டீச்சர்!" என்றார் தோத்தாத்ரி.

"வரட்டும் சார். உள்ள பதினாறு வருஷத்து ராகு காலம் இருக்கு. இன்னும் ஒண்ணு வந்தா இடம் இல்லாம போயிடாது."

அவர் சுவிட்சை நோக்கி எழுந்தார். பிளக் பாயிண்டைக் கிழக்கு வாஸ்துவுக்காக வாசற்படி ஓரமாக மாற்றியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே சரசு உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை. அவளைத் தொடாமல் சுவிட்சைத் தொட முடியாது. தோத்தாத்ரி மறுபடி உட்கார்ந்தார்.

சுந்தர்சிங் காலண்டரைத் திறந்தான். மணற்கடிகாரம் வந்து உட்கார்ந்தது. ஒருமுறை ஃபேன் மெதுவாகியது, விளக்கு மங்கியது. ஸ்டெபிலைசர் கடக்கென்றது. சரசு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நானும் ஏதோ வேண்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன். கரண்ட் போகவில்லை.

ராகு காலம் பிறந்து கொஞ்ச நேரம் கழித்து மணற்கடிகாரம் மறைந்தது. மணியடித்தது. ஒரு சின்னக் கட்டம். எண்பதாம் வருஷம், தை மாதம், கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் ராகு காலம் தவறிவிட்டது என்று இருந்தது. சுந்தர்சிங் ஓகே அமுக்கினான். அடுத்தது எமகண்டம். அமுக்கினான். அடுத்தது குளிகை.

"பேஜாரு மேடம். இத்த அமுக்கி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்டு வந்துடும்" என்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். மானிட்டர் மேலிருந்த பித்தளைப் பிள்ளையாரைத் தூக்கி, எண்டர் பட்டனின் மேல் பதமாக உட்கார்த்தி வைத்தான்.

கட்டங்கள் தாமாகவே வரவும் போகவும் ஆரம்பித்தன. தோத்தாத்ரி பதறிவிட்டார். "என்னடா பண்றே? எடு, எடு!"

"நீங்களே எடுத்துடுங்க சார்" என்றான் சுந்தர்சிங்.

அவர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். வைணவர், பிள்ளையாரைத் தொட்டதில்லை. போதாததற்கு ராகு காலத்தில் விக்கிரகத்தை இடம் பெயர்ப்பதா? நீட்டிய கையை மெல்லத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வருஷங்கள் ஓடின. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. மணி சத்தம் விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததால் தெருவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்கள். எண்பத்தைந்து வந்தபோது ஒருவர், அந்த வருஷ வெள்ளத்தில் தன் வீட்டுக்குள் பாம்பு வந்த கதையைச் சொன்னார். நான் எழுந்துபோய் மிக்சர் வாங்கி வந்தேன், பழக்க தோஷம். எண்பத்தெட்டு வந்ததும் சரசுவிடம் சொன்னேன்.

"அந்த வருஷந்தான் டீச்சரம்மா ஹாலுக்கு காங்கிரீட்டு போட்டது. கன்னியம்மா அப்ப எட்டாவது. ஸ்கூலு விட்டு வந்து மணலு மேல குந்திகினு பாத்துகினே இருப்பா" என்றாள். நான் மிக்சர் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மதியம் ஆகிவிட்டது. தொண்ணூற்றாறு ஐப்பசி வந்து, கடைசிக் கட்டமும் மறைந்தது. காலண்டர் பளிச்சென்று திறந்து நின்றது. சுந்தர்சிங் பிள்ளையாரை எடுத்து மேலே வைத்துவிட்டுக் கார்த்திகைக்குப் போனான். கடைசி முகூர்த்தத்தில், தோத்தாத்ரியின் ஒற்றை விரல் தட்டிய எழுத்து அப்படியே இருந்தது. 'சரசு மகள் கல்யாணம்.'

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாம்பசிவன் உள்ளே வந்தார். பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா சரசு, நீ ஒரு வாரம் தள்ளி வச்சுக்கக் கூடாதா? என் பையன் அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றான்."

"ஒரு வாரம் தள்ளினா மார்கழி சார்."

"உங்க ஜனங்க மார்கழியெல்லாம் பாக்கறதுண்டோ?" என்று கேட்டார் தோத்தாத்ரி.

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு எழுந்து நின்று புடவையை உதறினாள்.

"நாங்களும் பாப்போம் சார். எங்களுக்கு மார்கழி மார்கழியாத்தான் வருது. உங்ககிட்டதான் மாசம் சொன்ன பேச்ச கேக்குது. ஆடியில ஆவணிய கொண்டாந்தீங்களே, நா துடப்பத்த வச்சிகினு பாத்துகினுதானே இருந்தேன். அத்தே மாதிரி தலைவரு புள்ளைக்கு மார்கழில வச்சிகினு, மிசின்ல தைன்னு திருப்பி வுட்டுடுங்க. அமெரிக்காவுல கீற புள்ள, மிசினு சொன்னா நம்பிக்கும்."

சாம்பசிவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "விளையாடறியா? மிஷின்ல மாத்திட்டா மார்கழி தை ஆயிடுமா? யாரை ஏமாத்தறது? பகவானையா?" என்று கத்தினார். ஆதரவுக்குத் தோத்தாத்ரி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோ சார்!"

தோத்தாத்ரி தலையைக் குனிந்துகொண்டார். எண்பது தை முகூர்த்தத்தை நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாம்பசிவன் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் முறைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மிசினு சொல்லிடிச்சி. நீங்க சொல்லுங்க சார்" என்றாள் சரசு. "அன்னிக்கி சொன்ன மாதிரி, உங்க வாயால."

தோத்தாத்ரி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் மணியடித்தது. ஒரு கட்டம் வந்து நின்றது. இது பழைய பாக்கி அல்ல. இன்றைய எமகண்டம், இந்த நிமிஷம் ஆரம்பம்.

"அப்புறம் சொல்றேன்ம்மா. எமகண்டம் வந்துடுத்து" என்றார்.

"பரவால்ல சார். முடியட்டும். நா குந்திகினு கீறேன்" என்றாள் சரசு. மறுபடி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அந்த அறைக்கு ஒரே வாசல். தோத்தாத்ரி காலையிலிருந்து ஒரு வாய் காப்பியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. என் மிக்சரையும் வேண்டாம் என்றிருந்தார். அவர் வீட்டிலிருந்து ரச வாசனை தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதைத் திருப்பலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பார், கை மவுஸ் வரைக்கும் போனது. நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். கை திரும்பி வந்தது.

"ஹால் உனக்குத்தான்" என்றார் சுவரிடம்.

"கேக்கல சார்."

"ஹால் உனக்குத்தான்ம்மா" என்றார் சரசுவைப் பார்த்து. அவள் எழுந்து வழிவிட்டாள்.

கன்னியம்மா கல்யாணம் அந்த ஹாலில், அந்த முகூர்த்தத்தில் நடந்தது. எல்லா ஃபேனும் சுற்றியது. அமெரிக்கப் பையனின் நிச்சயதார்த்தத்தை அதே நேரத்தில் அவர்கள் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு நடத்தினார்கள். எங்கள் மைக் செட் சத்தத்தில் லக்னப் பத்திரிகை படித்தது ஒருவருக்கும் கேட்கவில்லையாம். தோத்தாத்ரி இரண்டு இடத்திலும் தலையைக் காட்டினார். நல்ல நேரம் பார்த்து அவர் செய்த காரியங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். எமகண்டத்தில் செய்த இந்த ஒன்றுதான் உருப்படியாக நடந்தது.